மேலே போன மூன்று குண்டுகள்

மூன்றாவது தடவையும் வேட்டையிலிருந்து வெறுங்கையோடு வந்து குதிரையை விட்டு இறங்கிய தோலோனின் வலது கையைப் பிடித்து இழுத்து, அவன் மனைவி கன்ஷாயிம் முகர்ந்து பார்த்தாள்.

"என்ன பண்றே?"

"பார்க்குறேன்."

"மூக்கால பார்க்குறவளை இப்பத்தான் பார்க்குறேன்."

"வெடிமருந்து வாடை அடிக்குது. சுட்டிருக்கீங்க."

"சுட்டேன்."

"அப்ப ஆடு எங்க?"

"மலையில. நல்லா இருக்கு. உன்னைக்கூட விசாரிச்சுச்சு."

கன்ஷாயிம் சிரிக்கவில்லை. கையைத் திருப்பி, ஒவ்வொரு நகக்கண்ணாகப் பார்த்தாள். ரத்தம் இல்லை. ரத்தம் இல்லாதது அவளுக்கு நிம்மதியைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

"கழுவிட்டு வந்திருக்கீங்க."

"ஆமா. ஆத்துல பனிக்கட்டி உடைச்சு, சோப்பு போட்டு, கடைசியில வாசனைத் தைலமும் தடவி."

அவள் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வேட்டை முடிந்து திரும்புகிறவனை வழியில் மறித்து "சிரால்கா" என்று யார் சொன்னாலும், அவர்களுக்கு ஒரு பங்கு அறுத்துக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்க மறுத்தவனுக்கு அடுத்த வேட்டை கிடைக்காது. தோலோன் இந்த விஷயத்தில் ரொம்பத் தாராளம். ஒரு வருஷம் முழுக் கிடாவோடு மலையிலிருந்து புறப்பட்டவன், வீட்டு வாசலில் ஒரு முன்னங்காலையும் இரண்டு கொம்பையும் இறக்கி வைத்தான். இறங்கும் பாதை வேறு மேல்குடியில் சோனுனின் வீட்டு வேலியை ஒட்டிப் போகிறது. சோனுன் புருஷனை விட்டுப் பிரிந்தவள். தபால் கொண்டு வருகிறவள். கன்ஷாயிமின் கணக்கில், இரண்டுமே கொஞ்சம் அதிகம்.

அவள் அடுத்த கேள்வியைத் தொடங்கும்போது உள் அறையில் அலுமினியப் பேசினுக்குள் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மருமகள் பெர்மெத்துக்கு இது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. மகன் எல்தார் மாஸ்கோவில் சிமென்ட் லாரி ஓட்டுகிறான். தினமும் போனில் கூப்பிட்டு, "சாப்பிட்டாளா?" என்று கேட்கிறான்; தினமும் இவர்கள் பொய் சொல்கிறார்கள். ரொட்டி தங்கவில்லை, நூடுல்ஸ் தங்கவில்லை, மோர் தங்கவில்லை, கடைசியில் வெறும் தேநீரும் தங்கவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "எது வயித்துல நிக்குதோ அதைக் குடுங்க, இல்லைன்னா இதுவும் கஷ்டம்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எது நிற்கும் என்று கேட்டால் பெர்மெத், "ஒண்ணும் வேணாம் அத்தை" என்பாள். வந்த வீட்டில் வாய் திறந்து கேட்டுப் பழகாதவள். ஒன்பது நாளைக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மட்டும், சின்ன வயதில் அப்பா சுட்டுக் கொண்டுவரும் மலையாட்டின் ஈரலை அம்மா கொழுப்புப் போட்டு வதக்குவாள், அந்த வாசனை தூக்கத்தில் வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். சேதி மூன்று வீடு சுற்றி கன்ஷாயிமிடம் வந்து சேர்ந்தது. அன்றைக்கே வீட்டு ஆடு ஒன்றை அறுத்து ஈரலை வதக்கிக் கொடுத்தாள். பெர்மெத் ஒரு துண்டை வாயில் வைத்தாள். அவ்வளவுதான், பேசினுக்கு ஓடினாள். மசக்கைக்காரிக்கு மலையாடு என்றால் மலையாடு.

வேட்டை அனுமதிச் சீட்டு ஒரே ஒரு கிடாவுக்கு. மாதம் முடிந்தால் அதுவும் செல்லாது, இன்னும் நான்கு நாள். டப்பாவில் இருந்த ஏழு குண்டில் மூன்று போய்விட்டது.

*

தோலோன் குறி தப்புகிறவன் இல்லை. அவன் பெரிய திறமைசாலி என்பதால் அல்ல. தன் திறமையின்மேல் அவனுக்குக் கொஞ்சமும் நம்பிக்கை கிடையாது, அதனால்தான். கை நடுங்கும், மூச்சு வாங்கும், இதயம் கழுத்துவரை வந்து அடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே படுக்க இடம் இருந்தால் உட்கார மாட்டான். உட்கார இடம் இருந்தால் முட்டி போட மாட்டான். நின்றுகொண்டு சுடுவது கல்யாண வீட்டில் ஆகாயத்தை நோக்கிச் சுடுகிறவர்களின் வேலை என்பான். வீட்டிலும் அவருக்கு அதே கொள்கைதான், படுக்க முடிந்தால் உட்காருவதில்லை, என்பாள் கன்ஷாயிம்.

மூன்று தடவையும் அதே தட்டைப் பாறைமேல்தான் படுத்தான். பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் வெயில் படும் சரிவில் ஆடுகள். இருநூறு தப்படிகூட இருக்காது. துப்பாக்கியைப் பாறைமேல் வைத்து, மேலே பொருத்திய தூரக்கண்ணாடியில் கிடாவின் முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால் குறிக்கோட்டை நிறுத்தி, மூச்சைப் பாதி விட்டு, பாதியைப் பிடித்து, விரலை மெல்ல மடக்கினான். குண்டு கிடாவின் முதுகுக்கு மேலே பாறையில் பட்டுத் தூள் கிளப்பியது. ஆடுகள் அந்தத் தூளை, யாரோ விருந்தாளி வந்ததுபோல் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பிறகுதான் ஓடின.

ஒரு தடவை என்றால் கண் என்று சொல்லலாம். இரண்டு தடவை என்றால் வயசு. மூன்று தடவையும் மேலேயே போனால், எவனோ கை வைத்திருக்கிறான்.

எவன் என்று யோசிக்கத் தோலோனுக்கு நேரம் ஆகவில்லை. ஆகஸ்டில், கோடை மேய்ச்சலில் ஓநாய் நடமாட்டம் என்று சொல்லித் துப்பாக்கியை இரவல் வாங்கிப் போனவன் கன்ஷாயிமின் தம்பி கெங்கெஷ். திருப்பிக் கொடுக்கும்போது துப்பாக்கிக்கு முட்டுக்கொடுக்கும் கவைக்கோல் இரண்டாக முறிந்திருந்தது. துப்பாக்கியோ பளபளவென்று துடைத்து எண்ணெய் போட்டிருந்தது. அதுதான் தோலோனை உறுத்தியது. கெங்கெஷ் தன் முகத்தையே வாரத்துக்கு ஒரு தடவைதான் கழுவுவான்.

*

மறுநாள் மத்தியானம் கெங்கெஷே வந்தான். பூட்ஸிலிருந்த பனியை வாசற்படியில் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தவன், அக்கா வைத்த தேநீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ரொட்டியைப் பிய்த்து வெண்ணெயில் தோய்த்தான்.

"மச்சான், நேத்து மேல வெடிச் சத்தம் கேட்டுச்சே. பங்கு வரும்னு சட்டியைக் கழுவி வச்சிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"சட்டியைக் கழுவினியா? உன் வீட்டுல எல்லாம் துடைச்சு வைக்கிற பழக்கம் எப்போ வந்துச்சு மாப்ள? ஆகஸ்ட்லயா?"

கெங்கெஷ் ரொட்டியை மென்றபடி அக்காவைப் பார்த்தான். கன்ஷாயிம் சமோவாரைப் பார்த்தாள்.

"மச்சான் பேச்சு ஒரு மாதிரியா இருக்கே."

"துப்பாக்கியும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. மூணு குண்டு. மூணும் மேல. ஒரு முழம் மேல. கண்ணாடித் திருகைத் திருகினது யாரு?"

"நான் எதுக்குத் திருகணும்?"

"அதைத்தான் கேட்குறேன். எதுக்கு?"

"தொடவே இல்லை மச்சான். ரொட்டி மேல சத்தியம்."

"அந்த ரொட்டியை வயித்துக்குள்ள போட்டுட்டே. கையில இருக்கிற ரொட்டி மேல பண்ணு."

கெங்கெஷ் கையிலிருந்த துண்டை உயர்த்திப் பிடித்தான். "இது மேல."

"கவைக்கோல் எப்படி முறிஞ்சது?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே. ஓநாய் ரெண்டு வந்துச்சு. ஓடி இடம் மாத்தும்போது கல்லுல இடிச்சு..."

"எத்தனை ஓநாய்?"

"ரெண்டு."

"போன மாசம் மூணுன்னே."

"மூணாவது தூரத்துல நின்னுச்சு. அதை எண்ணலாமா வேணாமான்னு..."

"ஏங்க, அவன் என்ன போலீஸ் ஸ்டேஷன்லயா உட்கார்ந்திருக்கான்?" என்று கன்ஷாயிம் குறுக்கே வந்தாள். "சுடத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. கண்ணு மங்கிடுச்சுன்னா கண்ணாடி போடுங்க. என் தம்பி மேல ஏன் விழறீங்க?"

"உன் தம்பிங்கிறதாலதான் மெதுவா விழறேன்."

"மேல குண்டு போச்சா, இல்லை மேல்குடிக்கு ஆடு போச்சா, அதையும் கேட்டுக்கோ தம்பி. எனக்குப் பதில் வரலை."

இப்போது கெங்கெஷ் மச்சானைச் சந்தேகத்தோடு பார்த்தான். "சோனுனா?"

"எவடா சோனுன்! ஆடே விழலைங்கிறேன்!"

குரல் உயர்ந்துவிட்டது. அறைக் கதவு திறந்து பெர்மெத் நின்றாள். முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்த கையில் மோதிரம் விரல் நுனிவரை நழுவியிருந்தது.

"மாமா, எனக்காக யாரும் மலைக்குப் போக வேணாம். அந்த ஆசை எனக்குப் போயிடுச்சு."

பொய். அது பொய் என்பது அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியும். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கெங்கெஷ் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான்.

"எழுந்திருங்க மச்சான். துப்பாக்கியை எடுங்க. கீழ்ப் பள்ளத்துல போய்ச் சுட்டுப் பார்த்திருவோம். நான் கெடுத்திருந்தா என் குதிரையை எடுத்துக்குங்க."

"உன் குதிரை மூணு கால்ல நடக்குது. அது எனக்கெதுக்கு?"

ஆனாலும் எழுந்தான்.

*

கீழ்ப் பள்ளத்தில் எதிர் மண்மேட்டில் தோசைக்கல் அளவுக்கு ஒரு கருங்கல்லைக் கெங்கெஷ் நட்டுவிட்டு வந்தான். தோலோன் முதல் வேலையாகத் தன் புதுக் கோட்டைக் கழற்றினான். எல்தார் மாஸ்கோவிலிருந்து அனுப்பியது. கருநீலம், உள்ளே முயல்மயிர். பேரன் பிறந்தால் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போவதற்கு என்று கன்ஷாயிம் தேதியே குறித்துவிட்டாள். பழைய பஞ்சுக் கோட்டு வசந்தத்தில் கன்றுக்குட்டிக்குப் படுக்கையாகிவிட்டதால், வேறு வழியில்லாமல் இதைப் போட்டுக்கொண்டு திரிகிறான். உட்புறம் வெளியே தெரியும்படி மடித்து, சேணத்தின் மேல் குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்துவிட்டு வந்து பாறைமேல் படுத்தான். துப்பாக்கிக் குழாயைப் பாறை விளிம்பில் வைத்தான். குறி பார்த்தான். சுட்டான்.

கல்லுக்கு ஒரு முழம் மேலே மண் சிதறியது.

"பார்த்தியா?" என்றான், ஏதோ ஜெயித்தவன்போல.

கெங்கெஷ் தன் அழுக்கு மேற்சட்டையைக் கழற்றி உருட்டி அதே பாறை விளிம்பில் வைத்தான். அதன்மேல் இடது கையை வைத்து, கையின்மேல் துப்பாக்கியின் மரப்பகுதி படும்படி கிடத்தினான். இரும்பு எதிலும் படவில்லை. சுட்டான். கல் இரண்டாகப் பிளந்தது.

தோலோன் அந்த இரண்டு துண்டையும் வெகுநேரம் பார்த்தான்.

"எவ்வளவு மேல போகும்னு தெரிஞ்சுக்கிட்டுக் கீழ குறி வச்சே."

"மேல போகும்னு எனக்கெப்படி மச்சான் தெரியும்?"

"நீதானே திருகினே!"

கெங்கெஷ் தலையில் கை வைத்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். "என் அக்கா இருபத்தாறு வருஷமா உங்ககூட எப்படித்தான் பேசுறா? துப்பாக்கி வெறும் பாறையில கிடக்குது மச்சான். வெடிக்கிறப்போ இரும்பு கல்லுல மோதித் துள்ளுது. துள்ளினா மேலதான் போகும். கீழயா போகும்?"

"நான் என்னைக்கும் பாறையிலதான் வச்சுச் சுடுவேன்."

"என்னைக்கும் இல்லை. கவைக்கோல் இல்லாதப்போ உங்க பழைய கோட்டைச் சுருட்டிக் கீழ வைப்பீங்க. நானே பார்த்திருக்கேன்."

"அது முழங்கை வலிக்காம இருக்கிறதுக்கு."

"முழங்கை பின்னால இருக்கு. கோட்டு முன்னால இருந்துச்சு."

இருபது வருஷமாக அந்தக் கோட்டை எங்கே வைத்தோம் என்று தோலோன் யோசித்ததே இல்லை. படுப்பான், சுருட்டுவான், வைப்பான். கை தானாகச் செய்த வேலைக்கு எவன் காரணம் கேட்பான்? இப்போது அந்தக் கோட்டின்மேல் கன்றுக்குட்டி படுத்து, ஊரிலேயே நிதானமான கன்றாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

"கோட்டு வேணாம்னா தொப்பியையாவது கழற்றிக் கீழ வச்சிருக்கலாமே" என்றான் கெங்கெஷ்.

"தலையில வைக்கிறதைத் தரையிலயா? உன்னைப் பெத்தவங்க காதுல விழாம பார்த்துக்கோ."

"அப்ப இந்தக் கோட்டு?"

"உங்க அக்கா ஒவ்வொரு நாளும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்குறா. ஒரு தூசி இருந்தா, எங்க படுத்தேன்னு கேட்பா. எந்த வேலியோரம்னு கேட்பா."

கெங்கெஷ் சிரித்தான். தோலோனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விட்டுக் கொடுக்க மனமில்லை. குதிரையில் ஏறியபின், "அது சரி, கவைக்கோல்?" என்றான். "கல்லுல இடிச்ச கோல் குறுக்கே முறியும். அது நெடுக்கப் பிளந்திருக்கு."

கெங்கெஷ் சிரிப்பதை நிறுத்தினான். அவன் முகத்தில் என்னவோ ஒன்று வந்து போனதைத் தோலோன் கவனித்து வைத்துக்கொண்டான். குண்டு இரண்டு பாக்கி. நாள் மூன்று. காற்று வடக்கே திரும்பியிருந்தது. பெரிய பனி விழுந்தால் அந்த மூன்றும் கிடையாது.

*

விடியுமுன் இருவருமாகவே புறப்பட்டார்கள். இவனைத் தனியே விட்டுவிட்டுப் போனால் தான் இல்லாதபோது எதையாவது மறைப்பான் என்பது தோலோனின் எண்ணம். இவரைத் தனியே விட்டால் மறுபடியும் தப்பவிட்டுவிட்டுத் தன் தலையில் போடுவார் என்பது கெங்கெஷின் எண்ணம். ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு ஏறினார்கள்.

குதிரைகளை ஓடை முனையில் கட்டிவிட்டு நடந்தார்கள். காற்று இன்னும் எதிரே முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறியதும் அது திரும்பிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். தட்டைப் பாறைக்கு எதிரே ஆடுகள் இல்லை. மூன்று தடவை வெடி கேட்ட இடத்துக்கு அவை வர, அவை என்ன தோலோனா? இன்னொரு முகட்டைக் கடந்தபோது கெங்கெஷ் அவன் காலைப் பிடித்து இழுத்தான்.

கீழே, குறுகிய பள்ளத்துக்கு அப்பால், பனி உருகிய திட்டில் ஏழெட்டுப் பெட்டை ஆடுகள். நடுவில் ஒரு கிடா. கொம்பு முதுகுவரை வளைந்திருந்தது. இது கிடாவுக்குத் தீனி மறக்கும் மாதம். பெட்டைகளின் பின்னால் நாக்கை நீட்டிக்கொண்டு திரிந்தது.

தோலோன் முகட்டு விளிம்பில் படுத்தான். யோசிக்காமல் புதுக் கோட்டைக் கழற்றி, முயல்மயிரும் கருநீலமுமாகச் சுருட்டிப் பாறைமேல் அழுத்தினான். கன்ஷாயிமின் கண் எட்டாத உயரம் அது. கண்ணாடியில் கிடா முழுசாகத் தெரிந்தது. மூச்சைப் பாதி விட்டான்.

"மச்சான், சுட்டுடாதீங்க." காதருகே கெங்கெஷ். "குழாய் வாயைப் பாருங்க."

தலையைத் தூக்கிப் பார்த்தான். கண்ணாடி குழாய்க்கு மேலே இருக்கிறது. அதற்கு வழி தெரிகிறது. குழாயின் வாயோ, நாலு விரல் தூரத்தில் துருத்திய கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுட்டிருந்தால் கல் முகத்தில் வெடித்திருக்கும். இவன் தடுத்ததில் என்ன சூது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. வந்ததும், தன் மண்டையைத் தானே ஒரு குட்டுக் குட்டவேண்டும்போல் இருந்தது.

பின்னால் நகர்ந்தால் காய்ந்த புல் மறைத்தது. முன்னால் நகர்ந்தால் ஆடுகள் பார்த்துவிடும். பக்கத்தில் சரிவாக இருந்த சரளைமேல் உட்கார்ந்து பார்த்தான். குதிகாலை ஊன்றி, இரண்டு முழங்கையையும் முட்டிக்கு உட்பக்கச் சதையில் பதித்தான். எலும்போடு எலும்பு வைத்தால் வழுக்கும். அதெல்லாம் சரியாகத்தான் செய்தான். ஆனால் சரளை குதிகாலடியில் நழுவியது. ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கண்ணாடியிலிருந்த கோடு கிடாவின் கொம்பில் தொடங்கிக் குளம்புவரை ஊர்வலம் போய் வந்தது.

"ஆகாது" என்றான்.

"முட்டி?"

"எனக்கு முட்டி இருந்த காலம் வேற."

வெயில் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் காற்று ஒரு நொடி நின்றதைத் தோலோன் உணர்ந்தான். திரும்பப் போகிறது. திரும்பினால் இவர்கள் வாடை நேரே ஆடுகளின் மூக்குக்குப் போகும். இதற்குமேல் இன்னொரு கிடாவைத் தேட நாளும் இல்லை, காலும் இல்லை. பெர்மெத்தின் விரலில் நழுவி நின்ற மோதிரம் கண்ணில் வந்து நின்றது.

கெங்கெஷ் அவனுக்கு முன்னால் ஊர்ந்து போனான். சரளையில் குதிகாலைக் குத்தி, எதிர்ச் சரிவைப் பார்த்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"தோள்ல வைங்க."

"என்ன?"

"என் தோள்ல வைங்க மச்சான். சீக்கிரம்."

தோலோன் அவன் பின்னால் நெருங்கி உட்கார்ந்தான். வலது தோளில், துப்பாக்கியின் மரப்பகுதி படும்படி, குழாய் காதைத் தாண்டி முன்னால் நீள வைத்தான். கெங்கெஷ் இரண்டு காதிலும் விரலைக் கொடுத்துக்கொண்டான்.

கோடு கிடாமேல் வந்தது. ஆனால் நடுங்கியது. இந்தத் தடவை தோலோனின் நடுக்கம் இல்லை.

"ஏன்டா நடுங்கறே?"

"குளிரு."

"பொய்."

"மச்சான், மனசுல என்மேல கோபம் ஒண்ணும் இல்லையே?"

"இப்ப எதுக்குடா அது?"

"இல்லை... விரலு எங்க இருக்கு?"

"இன்னும் விரல் வைக்கலை. பேசாம இரு."

"ஓநாயே வரலை மச்சான்."

"என்னது?"

"ஓநாயே வரலை. தூங்கிட்டேன். கவைக்கோல் மேலயே புரண்டு படுத்துட்டேன். காலையில பார்த்தா பிளந்து கிடக்கு. அந்தப் பயத்துலதான் துப்பாக்கியை மூணு தடவை துடைச்சேன். திருகைத் தொடலை. கோலை மட்டும்தான். புள்ளைங்க மேல சத்தியம்."

ஆகஸ்டிலிருந்து தோலோன் கட்டிக்கொண்டிருந்த அத்தனையும், ஒரு பருத்த மனிதன் தூக்கத்தில் புரண்டதில் வந்து நின்றது. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. சிரித்தால் கிடா போய்விடும்.

"தோளை ஏன் தூக்கறே?"

"காதைப் பொத்தினா தோளும் தூக்குதே."

கெங்கெஷ் ஒரு கணம் யோசித்தான். பிறகு வலது காதிலிருந்து விரலை எடுத்து, கையைத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டான். தோள் இறங்கியது. நடுக்கம் நின்றது. குழாய்க்கும் அந்தக் காதுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"டேய், காது..."

"சுடுங்க மச்சான். மூச்சைப் பிடிச்சுட்டேன்."

அவன் மூச்சோடு கோடு மேலே போய்க் கீழே வந்து நின்றது. தோலோனும் பாதியில் நிறுத்தினான். கிடா தலையைத் தூக்கிப் பக்கவாட்டில் திரும்பி நின்றது. விரலை மெல்ல, மெல்ல மடக்கினான்.

வெடி பள்ளத்தில் மோதித் திரும்பி வந்தபோது கிடா முன்னங்கால்களில் சரிந்து, நாலடி உருண்டு, ஒரு முட்புதரில் தங்கியது. மீதி ஆடுகள் சரிவில் கல்லை உருட்டிக்கொண்டு மறைந்தன.

கெங்கெஷ் வலது காதைப் பொத்திக்கொண்டு சரளையில் மல்லாந்து கிடந்தான். கண்ணில் நீர் வழிந்தது. தோலோன் துப்பாக்கியை ஒதுக்கி வைத்துவிட்டு அவன் தலையைத் தூக்கிப் பிடித்தான்.

"என்னை மன்னிச்சிரு மாப்ள. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேன். நான் ஒரு முட்டாக் கழுதை."

"ஆ?"

"நான் ஒரு கழுதைன்னேன்!"

"கேட்கலை மச்சான்! மணி அடிக்குது! ஆடு விழுந்துச்சா?"

தோலோன் கையால் காட்டினான். இரண்டாம் தடவை சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

*

இறங்கும் வழியில் ஆட்டிடையன் இமான் குதிரையை நிறுத்தி, "சிரால்கா!" என்று சத்தம் போட்டான். தோலோன் மறுபேச்சுப் பேசாமல் ஒரு பின்னந்தொடையை அறுத்துக் கொடுத்தான். இமான் தொடையைத் தடவிப் பார்த்துவிட்டு, மார்பருகே புடைத்திருந்த புதுக் கோட்டையும் அதில் ஊறியிருந்த கறையையும் பார்த்தான்.

"உள்ள என்ன வச்சிருக்கே?"

"நெஞ்சு வலி" என்று சொல்லிக் குதிரையைத் தட்டினான் தோலோன்.

வேலியோரம் வந்தபோது சோனுன் தபால் பையோடு எங்கோ போயிருந்தாள். இந்தத் தகவலை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, சொல்லாமல் விடுவதே நல்லது என்று முடிவு செய்தான்.

கன்ஷாயிம் ஈரலை வாங்கினாள். கோட்டைப் பார்த்தாள். நேரே அடுப்புக்குப் போனாள். வால் கொழுப்பு சட்டியில் உருகி ஓசை எழுப்பியது. மெல்லிசாக அரிந்த ஈரல் அதில் விழுந்து சுருங்கியது. வாசனை கதவிடுக்கு வழியாக உள் அறைக்குப் போனது. யாரும் கூப்பிடவில்லை. பெர்மெத் தானாகவே வந்து மேசையோரம் உட்கார்ந்தாள்.

அவளைப் பார்க்காத மாதிரி மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்ஷாயிம் பேசினைக் காலால் மெதுவாக நகர்த்தி எட்டும் தூரத்தில் வைத்தாள். பெர்மெத் ஒரு துண்டை எடுத்தாள், மென்றாள், விழுங்கினாள். ஒரு கணம் பொறுத்தாள். இன்னொன்று.

"மச்சான்!" கெங்கெஷ் காதுக்குள் மணி அடிக்கிறவன் பேசும் குரலில், வீடு அதிரக் கேட்டான். "மலையில என்னமோ சொன்னீங்களே, என்னது?"

"ஷ்ஷ்!"

"ஏதோ கழுதைன்னீங்க!"

கன்ஷாயிம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு கழுதை?"

"நான்" என்றான் தோலோன். "திருகை எவனும் தொடலை. எல்லாம் என் தப்பு. போதுமா? இப்ப வாயை மூடுங்க ரெண்டு பேரும்."

அப்போது பெர்மெத் நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சட்டென்று எழுந்தாள்.

தோலோன் கண்ணை மூடிக்கொண்டான். கன்ஷாயிம் பேசினைக் கையில் எடுத்துவிட்டாள். கெங்கெஷ், கேட்காத காதையும் திருப்பி, மூச்சைப் பிடித்தான். காலடி சமையல் அலமாரிப் பக்கம் போனது. நின்றது. மூடி ஒன்று திறக்கும் சத்தம். காலடி திரும்பி வந்தது.

பெர்மெத் கையில் உப்புக் கிண்ணம் இருந்தது.

"கொஞ்சம் உப்பு பத்தலை அத்தை" என்று சொல்லி உட்கார்ந்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தூவி, அடுத்த துண்டை வாயில் போட்டாள்.

இருபத்தாறு வருஷமாகத் தன் சமையலில் உப்பு குறை என்று சொன்ன எவரையும் சும்மா விடாத கன்ஷாயிம், பேசினை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"போட்டுக்கோ தாயி" என்றாள். "இன்னும் போட்டுக்கோ."